தொண்டைக் குழாயோடு வீடு திரும்பும் குழந்தைகள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மூச்சு விடுவதற்காகக் கழுத்தில் துளையிட்டுக் குழாய் பொருத்தும் டிரக்கியாஸ்டமி என்னும் சிகிச்சை செய்யப்பட்ட ஒரு குழந்தையை வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் எந்த மருத்துவமனை வீட்டுக்கு அனுப்பினாலும், அந்தக் குழாயைப் பராமரிக்கும் விதத்தைப் பெற்றோருக்கு முறையாகக் கற்றுக்கொடுத்து, வேண்டிய கருவிகளையும் கையில் கொடுத்த பிறகே அனுப்ப வேண்டும் என்று சுகாதாரத் துறையைக் கேட்டுக்கொள்ளவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் குடியாத்தம் அருகே ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியை. என் ஆறு வயது மகனுக்குக் கால்களில் தொடங்கிய தளர்ச்சி சில நாட்களிலேயே மேலேறி, மூச்சு விடும் தசைகளையும் பிடித்துக்கொண்டது. கில்லன்-பாரே என்னும் நரம்பு நோய் என்றார்கள். முதலில் வாய்வழியே குழாய் செலுத்தி வென்டிலேட்டரில் வைத்திருந்தார்கள். நாட்கள் நீண்டதால் கழுத்தின் முன்புறம் சிறு துளையிட்டு அதன் வழியே குழாய் பொருத்தினார்கள். இப்போது வென்டிலேட்டர் இல்லாமல் அவனே மூச்சு விடுகிறான் என்றாலும், சளியை இருமி வெளியேற்றும் வலு வராததால் குழாய் அப்படியே இருக்கிறது. அவன் உயிரைக் காத்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள்.

இத்தகைய குழந்தையை அருகிலிருந்து பார்க்காதவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை. மூச்சுக்காற்று குரல்வளைக்குக் கீழேயே வெளியேறிவிடுவதால் குழந்தை அழுதால் சத்தம் வராது. முகம் சிவந்து கண்ணீர் வழியும். பக்கத்தில் படுத்திருப்பவருக்குக்கூடக் கேட்காது. இந்த நோய் நினைவையும் அறிவையும் தொடுவதில்லை என்பதால், தனக்கு நடப்பது அனைத்தும் அவனுக்குத் தெரியும், அம்மா என்று அழைக்க மட்டும் முடியாது. நாக்கைச் சொடுக்கினால் சத்தம் வருகிறது என்பதை அவனாகவே கண்டுபிடித்தான். ஒரு சொடுக்கு என்றால் சளி அடைக்கிறது, இரண்டு என்றால் வேறு ஏதோ வேண்டும் என்று எங்களுக்குள் வைத்துக்கொண்டோம். இரவுப் பணிக்கு வரும் செவிலியர்களுக்கும் அதைச் சொல்லி வைத்திருக்கிறேன். வார்டு முழுவதையும் ஓரிரு செவிலியர்கள் பார்த்துக்கொள்ள வேண்டிய இரவுகளில், கட்டிலருகே விழித்திருக்கும் தாயோ தந்தையோதான் அந்தக் குழந்தையின் குரலாக இருக்க முடியும்.

சளி உறிஞ்சுவதை எனக்குக் கற்றுத் தந்தவர் இரவுப் பணியிலிருந்த ஒரு செவிலியர். தம் வேலைகளுக்கிடையே, தாமாக முன்வந்து, பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். சளியை உறிஞ்ச உள்ளே விடும் மெல்லிய குழாயான கதீட்டரின் பருமன், கழுத்துக் குழாயின் உட்துளையில் பாதியைத் தாண்டக் கூடாது. குழாயின் நீளத்தை முன்கூட்டியே அளந்து குறித்துக்கொண்டு அதற்கு மேல் உள்ளே தள்ளக் கூடாது. உறிஞ்சும் நேரம் 10 விநாடிக்கு மிகக் கூடாது. கழுத்து நாடாவுக்கு அடியில் ஒரு விரல் நுழையும் அளவுக்குத் தளர்வு இருக்க வேண்டும். அதே அளவில் ஒரு குழாயும் அதைவிடச் சிறிய அளவில் ஒரு குழாயும் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். இவை அனைத்தையும் அவர் வாய்மொழியாகச் சொல்ல, நான் மகனின் பள்ளி நோட்டில் எழுதிக்கொண்டேன். அந்தச் செவிலியர் அன்று விடுப்பில் இருந்திருந்தால் எனக்கு யார் சொல்லியிருப்பார்கள் என்று தெரியவில்லை. குழாய் அடைத்துவிட்டால் சில நிமிடங்களில் மூளை பாதிக்கப்படும் என்னும்போது, இந்தப் பயிற்சியை ஒருவருடைய நல்ல மனத்தை நம்பி விட்டுவிடுவது சரியல்ல.

அதே வார்டில், இதே போன்ற குழாய் பொருத்தப்பட்ட குழந்தையோடு பேரணாம்பட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தாய் வீட்டில் பீடி சுற்றிப் பிழைப்பவர். மூக்கு வழியே வரும் காற்று வடிகட்டப்பட்டு, ஈரமாகி உள்ளே செல்கிறது; கழுத்துக் குழாய் வழியே செல்லும் காற்றுக்கு அந்தக் காப்பு இல்லை. எனவே சளி காய்ந்து கட்டியாகும், தூசும் நேராக உள்ளே போகும். புகையிலைத் தூள் பறக்கும் ஒற்றை அறையில் அக்குழந்தையை எங்கே படுக்க வைப்பது என்ற கேள்விக்கு டிஸ்சார்ஜ் சீட்டில் பதில் இல்லை. கொசுவர்த்தி, சாம்பிராணி, முகப்பவுடர், தலைக்குத் தண்ணீர் ஊற்றுவது என குழாய்க்குள் புகையோ தூளோ நீரோ போகக்கூடிய ஒவ்வொன்றையும் பற்றி அவருக்கு யாராவது உட்கார்ந்து சொல்லியாக வேண்டும்.

இனி கருவிகள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் எங்கள் மருத்துவமனைச் செலவின் பெரும்பகுதியைத் தாங்கியது. ஆனால் வீட்டில் வைக்க வேண்டிய, சளி உறிஞ்சும் சக்‌ஷன் இயந்திரம், கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் அம்பு பேக் (Ambu bag), மாற்றுக் குழாய்கள், நாள்தோறும் செலவாகும் கதீட்டர்கள் ஆகியவற்றை நாங்களே வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். எங்களால் கடன் வாங்கியாவது சமாளிக்க முடியும். அந்தத் தாயால் முடியாது. 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கீழ், வீட்டிலேயே வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொள்வோருக்கு அதற்கான திரவப் பைகள் வழங்கப்படுகின்றன. அதே ஏற்பாட்டில் கதீட்டரையும் மாற்றுக் குழாயையும் சேர்ப்பது அரசுக்குப் பெரிய காரியமல்ல என்றே கருதுகிறேன்.

சக்‌ஷன் இயந்திரத்துக்கு மின்சாரம் வேண்டும். மாதாந்திரப் பராமரிப்புக்காக நாளை எந்தெந்த ஊர்களில் மின்தடை என்பதை நாளிதழ்கள் வெளியிடுகின்றன. காற்றிலும் மழையிலும் போகும் மின்சாரம் சொல்லிவிட்டுப் போவதில்லை. பேட்டரியில் இயங்கும் கருவியோ, குறைந்தபட்சம் காலால் மிதித்து இயக்கும் கருவியோ தரப்பட வேண்டும். இத்தகைய குழந்தை உள்ள வீடுகளின் விவரம் அப்பகுதி மின்வாரிய அலுவலகத்திலும், ஆரம்ப சுகாதார நிலையத்திலும், 108 ஆம்புலன்ஸ் சேவையிலும் பதிவாகியிருக்க வேண்டும். பீஞ்சமந்தை, ஜார்த்தான்கொல்லை போன்ற மலைக் கிராமங்களிலிருந்து வரும் குடும்பங்களுக்கு இது இன்னும் அவசியம். உதவி மலையேறி வந்து சேரும்வரை அந்தக் குழந்தைக்கு மருத்துவரும் செவிலியரும் பெற்றோரே.

பெற்றோர் இருவர், செவிலியர் பார்த்திருக்கத் தம் கையாலேயே சளி உறிஞ்சி, குழாயையும் மாற்றிக் காட்டிய பின்பே டிஸ்சார்ஜ் என்று ஒரு விதி வேண்டும். ஒருவர் மட்டும் கற்றால் அவர் தூங்கவும் முடியாது, காய்ச்சலில் படுக்கவும் முடியாது. படங்களுடன் கூடிய எளிய தமிழ்க் கையேடு ஒன்றும் வேண்டும். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலிருந்து இதைத் தொடங்கலாம். கையேட்டின் மருத்துவச் செய்திகளை மருத்துவர்கள் தந்தால், எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கும் புரியும் வகையில் அதை எழுதிக் கொடுக்க நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
குடியாத்தம் வட்டம், வேலூர் மாவட்டம்.