டெங்கு பரிசோதனை முடிவில் காய்ச்சலின் நாளும் இடம்பெற வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டெங்கு குறித்துத் தங்கள் நாளிதழில் வெளிவரும் செய்திகளில், இரத்தப் பரிசோதனையில் டெங்கு உறுதியானது என்றோ, டெங்கு இல்லை என்று முடிவு வந்தது என்றோ எழுதப்படுவதைக் காண்கிறேன். எந்தப் பரிசோதனை செய்யப்பட்டது, காய்ச்சல் தொடங்கி எத்தனையாவது நாளில் இரத்தம் எடுக்கப்பட்டது என்ற விவரம் பெரும்பாலும் இருப்பதில்லை. மருத்துவ ஆய்வகத்தில் பணிபுரிபவன் என்ற முறையில் இதைப் பற்றிச் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன். ஏனெனில் அந்த நாள் தெரியாதபோது எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) பரிசோதனையின் முடிவைச் சரியாகப் படிக்க மருத்துவராலும் இயலாது.

காய்ச்சல் தொடங்கும் முதல் சில நாள்களில் நோயாளியின் இரத்தத்தில் இருப்பவை டெங்கு வைரஸும், அது வெளிவிடும் என்எஸ்1 என்ற புரதமும்தான். எதிர்ப்பொருளோ வைரஸை எதிர்க்க உடல் உருவாக்கிக்கொள்வது, அதற்கு நாளாகும். முதலில் தோன்றுவது ஐஜிஎம் வகை. உலக சுகாதார நிறுவனம் 2009-ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டியின்படி, மூன்று முதல் ஐந்து நாள்களுக்குள் ஏறத்தாழப் பாதி நோயாளிகளிடமே அது தென்படுகிறது. பத்தாம் நாளை எட்டும்போதுதான் 99 சதவீதம் பேரிடம் காணப்படுகிறது. ஆகவே இரண்டாம் நாளில் ஐஜிஎம் மட்டும் பார்த்து 'நெகட்டிவ்' என்று வந்தால், அதற்கு டெங்கு இல்லை என்று பொருள்கொள்ள முடியாது. அந்த நாளில் பார்த்திருக்க வேண்டியது என்எஸ்1 அல்லது வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆர் பரிசோதனை.

அப்படிப்பட்ட முடிவைக் கையில் வாங்கிக்கொண்டு நிம்மதியாக வீடு திரும்புவோரை நினைத்தே இக்கடிதத்தை எழுதுகிறேன். டெங்குவின் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், காய்ச்சல் தணியும் வேளையில்தான் தொடங்குகிறது. இரத்தக் குழாய்களிலிருந்து பிளாஸ்மா என்னும் இரத்தத்தின் நீர்ப்பகுதி கசிவதும் அப்போதுதான். 'டெங்கு இல்லை' என்ற தாளும் கையில் இருந்து, உடல் சூடும் இறங்கிவிட்டால், கடும் வயிற்றுவலியையும் நிற்காத வாந்தியையும் ஈறில் கசியும் இரத்தத்தையும் வீட்டார் சாதாரணமாக எடுத்துக்கொள்ளும் அபாயம் இருக்கிறது. இந்த அறிகுறிகளில் ஒன்று தெரிந்தாலும், எந்த முடிவு வந்திருந்தாலும், உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சிகிச்சையை வழிநடத்துபவை நோயாளியின் நிலையும், தட்டணுக்கள், ஹிமாட்டோகிரிட் (இரத்தத்தில் சிவப்பணுக்களின் விகிதம்) ஆகியவற்றின் ஏற்ற இறக்கமுமே. எதிர்ப்பொருள் முடிவுக்காக அது காத்திருப்பதில்லை.

இன்னொரு வகை எதிர்ப்பொருளான ஐஜிஜி இதைவிடப் பெரிய குழப்பத்துக்கு இடமளிக்கிறது. முதன்முறை டெங்கு வருபவரிடம் அது ஏறத்தாழ முதல் வாரத்தின் இறுதியில் குறைந்த அளவில் தலைகாட்டி, மெல்ல உயர்ந்து, பல ஆண்டுகள், அநேகமாக வாழ்நாள் முழுவதும் நீடிக்கும். இரண்டாம் முறை வருபவரிடமோ காய்ச்சலின் முதல் நாள்களிலேயே ஐஜிஜி வேகமாக உயர்ந்துவிடுகிறது. ஐஜிஎம் குறைவாகவே வரும், சிலரிடம் தென்படாமலும் போகலாம். நான்காம் நாளில் 'ஐஜிஎம் நெகட்டிவ், ஐஜிஜி பாசிட்டிவ்' என்று வரும் தாளை, எப்போதோ வந்துபோன டெங்கு என்று படித்து ஒதுக்கிவிடுவது எளிது. அது பழைய தொற்றின் சுவடாகவும் இருக்கலாம், இப்போது நடந்துகொண்டிருக்கும் இரண்டாம் தொற்றாகவும் இருக்கலாம். பழைய எதிர்ப்பொருள் என்எஸ்1 புரதத்தைப் பற்றிக்கொள்வதால், இரண்டாம் தொற்றில் அந்தப் பரிசோதனையும் தவறவிடும் வாய்ப்பு அதிகம் என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாம் தொற்றைத் தவறவிடுவது சிறிய விஷயமன்று. டெங்கு வைரஸில் நான்கு வகைகள் உள்ளன. ஒரு வகையால் வந்த நோய் அந்த வகைக்கு நீண்டகாலப் பாதுகாப்புத் தருகிறது. பின்னர் வேறொரு வகை தொற்றும்போது, பழைய எதிர்ப்பொருள் புதிய வைரஸுடன் ஒட்டிக்கொண்டும் அதைச் செயலிழக்கச் செய்யாமல், அது செல்லுக்குள் நுழைவதற்கே துணைபோகக் கூடும். கியூபாவில் 1977-இல் முதல் வகை டெங்கு பரவியது. 1981-இல் இரண்டாம் வகை வந்தபோது கடும் நோய்க்கு ஆளானவர்களில் பெரும்பாலோர் முன்பே முதல் வகைத் தொற்றுக்கு உள்ளானவர்கள்.

'பாசிட்டிவ்' என்ற சொல்லையும் நிதானித்தே படிக்க வேண்டும். ஐஜிஎம் இரண்டு, மூன்று மாதங்கள் வரை இரத்தத்தில் நீடிக்கக் கூடும் என்பதால், இன்றைய காய்ச்சலுக்குக் காரணம் வேறாக இருந்து, சென்ற மாதத்து டெங்கு மட்டும் முடிவில் தெரியலாம். சிகா, ஜப்பானிய மூளைக்காய்ச்சல் போன்ற அதே குடும்பத்து வைரஸ்களின் எதிர்ப்பொருள்களும், மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொண்டவரின் எதிர்ப்பொருள்களும் டெங்கு பரிசோதனையில் பிடிபடுவதுண்டு. ஐயம் தீர வேண்டுமானால் ஒரு வாரம், பத்து நாள் கழித்து இரண்டாம் மாதிரி எடுத்து ஒப்பிட வேண்டும். ஐஜிஎம் புதிதாகத் தோன்றியிருந்தாலோ, ஐஜிஜி நான்கு மடங்கு உயர்ந்திருந்தாலோ அது அண்மைத் தொற்றுக்கு உறுதியான சான்று. காய்ச்சல் விட்ட பிறகு மீண்டும் இரத்தம் கொடுக்க வருபவர்கள் குறைவு என்பதும் உண்மை.

விரைவுப் பரிசோதனை அட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. சீரத்தையும் (இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) கரைசலையும் சொட்டுச் சொட்டாக விட்டபின், பெரும்பாலான அட்டைகளில் 15 முதல் 20 நிமிடங்களுக்குள் கோடுகளைப் பார்த்துவிட வேண்டும். அட்டை சரியாக வேலை செய்ததைக் காட்டும் கட்டுப்பாட்டுக் கோடு தோன்றாவிட்டால் அந்த அட்டை செல்லாது. நேரம் கடந்து எழும் மங்கலான கோட்டை முடிவாகக் கொள்ளக் கூடாது. ஆய்வகக் கருவியில் செய்யப்படும் எலைசா என்ற பரிசோதனை முறை பொதுவாக இதைவிட நம்பகமானது. ஆனால் அதற்கு நேரமும் கருவிகளும் கூடுதலாக வேண்டும். அட்டை பயனற்றது என்று நான் சொல்லவில்லை. எந்த முறையில் வந்த முடிவு என்பது தாளில் தெளிவாக இருக்க வேண்டும் என்கிறேன்.

ஆய்வகங்கள் இரத்தம் எடுக்கும்போதே காய்ச்சல் தொடங்கிய தேதியைக் கேட்டுப் பதிந்து, முடிவுத் தாளிலும் 'காய்ச்சலின் நான்காம் நாள் மாதிரி' என்பதுபோல் அச்சிட வேண்டும். இதைக் கேட்கும்போது பலர் மருத்துவரைப் பார்த்த நாளையே சொல்கிறார்கள். முதலில் உடல் சுட்ட நாள் எது என்று ஆய்வகத்தார் மீண்டும் ஒருமுறை கேட்டு உறுதிசெய்ய வேண்டும். தங்கள் நாளிதழும் டெங்கு செய்திகளில் பரிசோதனையின் பெயரையும், மாதிரி எடுக்கப்பட்ட நாளையும் சேர்த்து வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
மருத்துவ ஆய்வக நுட்பநர் ஒருவர்