மதிப்பாய்வாளர்களுக்கு ஒரு வார்த்தை

எல்லோருக்கும் வணக்கம். நீங்கள் மதிப்பாய்வு செய்ய வேண்டிய ஆய்வுக் கட்டுரைகள் இன்று காலை உங்கள் மின்னஞ்சலுக்கு வந்திருக்கும். நேரம் இல்லையென்றால் இரண்டு நாளில் சொல்லிவிடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டோம். ஒப்புக்கொண்டு மூன்று மாதம் மௌனமாக இருப்பதுதான் எழுதியவரை வதைக்கிறது.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தமிழ் ஆய்வு வட்டம் சின்னது. பெயரை மறைத்து அனுப்பினாலும் நடையைப் பார்த்தே ஆள் பிடிபட்டுவிடும். சொந்தக்காரர், மாணவர், பழைய சண்டைக்காரர் என்று பட்டால் எனக்குத் தனியாக எழுதிவிட்டு விலகிக்கொள்ளுங்கள். கட்டுரையை இந்தக் குழுவில் போடவே வேண்டாம். சாட்ஜிபிடியில் ஏற்றிச் சுருக்கம் கேட்பதும் வெளியே கொடுத்ததற்குச் சமம்தான்.

குறிப்பு எழுதும்போது "ஆழம் போதாது" என்று நிறுத்தாதீர்கள். இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்களை இங்கே கொண்டுவந்த முதல் கப்பல் கல்கத்தாவிலிருந்து வந்தது என்று ஒருவர் எழுதியிருந்தால், பக்க எண்ணோடு திருத்துங்கள்: 1860 நவம்பர் 16 அன்று டர்பன் வந்த ட்ரூரோ சென்னையில் புறப்பட்டது, கல்கத்தாவின் பெல்விடியர் சில நாள் கழித்துத்தான் வந்தது. (இதில் நானே ஒருமுறை சறுக்கியிருக்கிறேன்.)

உங்கள் சொந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டச் சொல்லி நெருக்குவது மட்டும் வேண்டாமே. ஏற்பதா தள்ளுவதா என்பதை ஆசிரியர் குழு பார்த்துக்கொள்ளும்.