மைக்கை மியூட் பண்ணாத சேட்டனுக்கும் மற்ற எல்லோருக்கும்

எல்லோருக்கும் வணக்கம்.

நேற்று சாயந்திரம் ஐந்தரை மணிக்குக் கடைசிக் கடையின் கணக்கும் ஒத்துப்போய்விட்டது. புனலூர் பலசரக்குக் கடைக்காரர் போனில் "எல்லாம் ஓகேயாணு" என்று சொன்னதும் லேப்டாப்பை மூடினேன், குளிக்கக்கூட இல்லை, அப்படியே படுத்துப் பதினோரு மணி நேரம் தூங்கினேன். எழுந்ததும் முதல் வேலையாக இதை எழுதுகிறேன். ஒரு வாரம் தள்ளிப்போட்டால் வெட்கம் வந்து எழுதாமலே விட்டுவிடுவேன்.

வெள்ளிக்கிழமை ராத்திரி என்ன நடந்தது, யார் கைபட்டு நடந்தது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். என் கைதான்: சோதனைக்கான டெஸ்ட் சர்வரில் அழிக்க வேண்டியதை, கடைகளின் நிஜக் கணக்கு இருக்கும் நம் மென்பொருளின் லைவ் சர்வரில் அழித்துவிட்டேன். அதற்கு மேல் எழுதப்போவதில்லை.

முதலில் மொத்தமாகச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் யாரையாவது மறந்துவிடுவேன். தங்கச்சி கல்யாண வீட்டிலிருந்து பட்டு வேட்டியோடு ஆன்லைன் காலில் வந்து உட்கார்ந்த டீம் லீட் அண்ணனுக்கு நன்றி. பழைய பேக்கப் சரியாகத் திறக்கிறதா என்று மூன்று முறை சோதித்துப் பார்த்த டெஸ்டிங் அக்காவுக்கு நன்றி. கணினியில் இல்லாமல் போன பில்களைக் கையில் இருந்த காகித நகலைப் பார்த்து ஒவ்வொன்றாக வாசித்துச் சொன்ன செங்கோட்டை, பாவூர்சத்திரம், புனலூர் கடைக்காரர்களுக்குப் பெரிய நன்றி. அதிலும் பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தை அண்ணாச்சி ஒருவர், கத்தரிக்காய் என்ன விலை போனது என்று நான் கேட்க வாய் திறக்கும் முன்பே இருநூறு வரி ஒப்பித்துவிட்டார், நம் மென்பொருளைவிட அவர் மண்டையில்தான் பேக்கப் ஒழுங்காக இருக்கிறது.

சரி, இப்போது சேட்டன்.

அவருக்கு டேட்டாபேஸ் பக்கமே வேலை கிடையாது. மொபைல் ஆப் எழுதுகிறவர், அதுவும் அன்றைக்கு லீவில் கேரளத்துத் தென்மலையில் அவர் வீட்டில் இருந்தார். பதினொன்றரை மணிக்குக் காலில் வந்தார். "யார் செஞ்சது" என்று கேட்கவில்லை, "எப்படி ஆச்சு" என்றும் கேட்கவில்லை. "எனக்கு இதொண்ணும் அறியில்ல, ஞான் இங்கே உண்டு" என்று மட்டும் சொன்னார். மற்றவர்கள் எல்லாம் அவரவர் வேலை முடிந்ததும் தூங்கப் போய்விட்டார்கள், போகச் சொன்னதும் நான்தான். பேக்கப்பிலிருந்து டேட்டாவைத் திரும்ப ஏற்றுகிற ரிஸ்டோர் ஓடிக்கொண்டிருக்கும்போது பத்துப் பேர் விழித்திருந்து என்ன பண்ண? இவர் மட்டும் போகவில்லை. மைக்கையும் மூடவில்லை.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், தினசரி மீட்டிங்கில் யார் வீட்டுக் குக்கர் விசில் அடித்தாலும் "ப்ளீஸ் மியூட்" என்று கத்துகிற முதல் ஆள் இவர்தான்.

அன்று ராத்திரி அவர் பக்கத்து மழையை முழுசாகக் கேட்டேன். தென்மேற்குக் காற்று முதலில் அவர்கள் ஊரில் கொட்டிவிட்டு, ஆரியங்காவு கணவாய் வழியாக எங்கள் புளியரைக்கு வரும்போது வெறும் சாரலாகத்தான் வரும். என் ஹெட்போனில் ஓட்டுக் கூரையில் மழை அடிக்கிற சத்தம், கொஞ்ச நேரம் கழித்து என் ஜன்னலில் தூறல். இப்படியே மூன்று நாலு தடவை. தனியாக இருக்கிறோம் என்ற நினைப்பு எப்போது போனது என்றே தெரியவில்லை.

ஒரு மணி சுமாருக்கு நான் அழ ஆரம்பித்தபோது அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. மென்பொருள் எழுதுகிறவர்கள் தங்கள் கோடைச் சேமித்து வைக்கிற கிட்லாப் நிறுவனத்தின் கதையைச் சொன்னார். 2017 ஜனவரி 31, அங்கே ஒரு பொறியாளர் ஒரு சர்வர் என்று நினைத்து இன்னொரு சர்வரில் டேட்டாவை அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி. ஐந்து விதமான பேக்கப் வைத்திருந்தார்கள், சமயத்துக்கு ஒன்றும் உதவவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன்னால் ஒருவர் வேறு வேலைக்காக எடுத்து வைத்திருந்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. மீட்கிற வேலையை யூடியூபில் நேரலையாகக் காட்டினார்கள். "நினக்கு ஞான் ஒருத்தன்தான் பார்க்கிறது, சமாதானமா இரு" என்றார். அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டேன்.

அதற்கப்புறம்தான் அந்தப் பழக்கத்தைச் சொன்னார். "எண்டர் அடிக்கும் மும்பு ஒண்ணு வாயிக்கு மோளே." (எண்டர் அடிக்கும் முன் ஒருமுறை வாசி மகளே என்று அர்த்தம். பிற்பாடு இதைக் கேட்ட டெஸ்டிங் அக்கா, அர்த்த ராத்திரியில் வாய்க்கு என்ன போடச் சொல்கிறார் என்று கேட்டார்கள். அவர்கள் விருதுநகர். எங்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. செங்கோட்டைப் பக்கம் முதலில் திருவிதாங்கூர், பிறகு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சிதானே, என் ஆச்சி பள்ளிக்கூடத்தில் மலையாளத்தில்தான் வாயிச்சாள்.)

சரி என்று ஒவ்வொரு கமாண்டையும் வாய்விட்டுப் படித்தேன். சின்னப் பிள்ளை பாடம் ஒப்பிப்பது போல, சர்வர் பெயர், டேட்டாபேஸ் பெயர், என்ன செய்யப்போகிறேன் எல்லாம். அவருக்கு அதில் பாதி புரிந்திருக்காது, "ம்" மட்டும் கொட்டினார். இரண்டே முக்காலுக்கு, தூக்கக் கலக்கத்தில் ஒரு வரியைப் படித்துக்கொண்டே போய் சர்வர் பெயரில் நின்றுவிட்டேன். டெஸ்ட் சர்வரில் அழிக்க வேண்டியதை மறுபடியும் லைவ் சர்வரில் வைத்திருந்தேன். அதே ராத்திரியில், அதே தப்பு, இரண்டாவது முறை. கண்ணால் அந்த வரியை நாலு தடவை பார்த்திருந்தேன், உறைக்கவில்லை, என் குரலில் கேட்டபோதுதான் உறைத்தது. அந்தப் பக்கம் ஆள் இல்லையென்றால் நான் எதற்கு வாய்விட்டுப் படிக்கப்போகிறேன்?

நான் நின்றது அவருக்குப் புரிந்துவிட்டது. "நன்னாயி. போய் ஒரு சாயா குடிச்சிட்டு வா" என்றார். அவ்வளவுதான்.

விடியும்போது அவர் அம்மா தேங்காய் துருவுகிற சத்தம் கேட்டது. ரிஸ்டோர் முடிந்தது அப்போதுதான். இப்போது வீட்டில் யார் தேங்காய் துருவினாலும் எனக்கு நெஞ்சு லேசாகிறது, என்ன செய்ய.

இனி லைவ் சர்வரைத் திறந்தால் என் திரை முழுக்க ரத்தச் சிவப்பில் வரும்படி மாற்றிவிட்டேன். அது இயந்திரத்துக்கு. மனுசருக்கு என்னால் முடிந்தது இதுதான்: அடுத்து நம் டீமில் புதிதாக வரும் பிள்ளை எந்த ராத்திரி எதை உடைத்தாலும் என்னைக் கூப்பிடலாம். எனக்கு அந்த வேலை தெரியாமல் இருக்கலாம், ஆனால் மைக் திறந்திருக்கும். ஆச்சியின் குறட்டை கேட்டால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இதை எழுதுவதற்கு நடுவே சேட்டனிடம் கேட்டேன், ஏன் மியூட் பண்ணவில்லை என்று. "அய்யோ, மைக் ஆன் ஆயிருந்நோ? ஞான் அறிஞ்ஞில்ல" என்கிறார்.

ராத்திரி முழுக்க இருமல் வரும்போது மட்டும் மியூட் ஆகித் திரும்பி வந்ததே சேட்டா, அது யார் பண்ணியது?