கண்ணாடி சரி, கண் நரம்பைப் பார்த்தாச்சா?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கமுங்க.

நாற்பது வயது தாண்டியவர்கள் நம் கடைக்குப் பவர் பார்க்க வந்தால் இனிமேல் ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்போம்: "கண் நரம்பை டாக்டர் கடைசியா எப்பப் பார்த்தாருங்க?" கண்ணாடி வாங்க வந்த இடத்தில் இது எதற்கு என்று தோன்றலாம். அதற்குத்தான் இந்த மடல்.

போர்டில் கடைசி வரி வரை படித்துவிட்டால் கண் நன்றாக இருக்கிறது என்று நம்பிக் கிளம்பிவிடுகிறோம். அந்த எழுத்துகளைப் படிப்பது பார்வையின் நட்டநடுப் பகுதி மட்டும்தான். கண் நரம்பை மெல்ல மெல்லத் தேய்க்கும் நோயான கிளாக்கோமா பெரும்பாலும் ஓரப் பார்வையை முதலில் எடுக்கும், நடுவைக் கடைசியில்தான் தொடும். பெரும்பாலானவர்களுக்கு வலியோ சிவப்போ எதுவும் இருக்காது. பார்வை போன இடம் கருப்பாகக்கூடத் தெரியாது. சுற்றி இருப்பதை வைத்து மூளை அந்த இடத்தை நிரப்பிக்கொள்ளும், ஒரு கண் விட்டதை இன்னொரு கண் பிடித்துக்கொள்ளும். அரவிந்த் கண் மருத்துவமனை தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களில் நாற்பதைத் தாண்டியவர்களைச் சோதித்து 2003இல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்கு 2.6 பேருக்குக் கிளாக்கோமா இருந்தது. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அதுவரை அது தெரியவே தெரியாது.

கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பில் சுமார் பத்து லட்சம் இழைகள் இருக்கின்றன. சொட்டுநீர்க் குழாயில் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஓட்டை அடைத்துக்கொண்டால் மஞ்சள் காடு அன்றைக்கே வாடிவிடாது, வரப்பில் நின்று பார்த்தால் பச்சையாகத்தான் இருக்கும். இதுவும் அப்படித்தான். பட்டனை அழுத்திக்கொண்டு வெளிச்சப் புள்ளிகளைப் பார்க்கும் பார்வைப் பரப்புச் சோதனையில் குறை தெரிவதற்குள், நரம்பு செல்களில் கால் பங்கோ மூன்றில் ஒரு பங்கோ போயிருக்கலாம். போனது திரும்ப வராது. சொட்டு மருந்தும் லேசரும் அறுவை சிகிச்சையும் மிச்சம் இருப்பதைக் காப்பாற்றத்தான்.

நரம்பு தேயத் தொடங்கி, பார்வையில் குறை தெரிவதற்குள் இருக்கும் அந்த இடைவெளியில்தான் ஓ.சி.டி. ஸ்கேன் உதவுகிறது. 1991இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் வெளியிட்ட முறை இது. எக்ஸ்ரே இல்லை, ஊசி இல்லை, கண்ணைத் தொடுவதுகூட இல்லை. தாடையை வைத்து ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும், கண்ணுக்குத் தெரியாத ஒளியை அனுப்பி, திரும்பி வருவதை வைத்து விழித்திரையின் அடுக்குகளை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கணக்கில் அளந்துவிடும். பெரியவர்கள் பயப்பட இதில் ஒன்றுமே இல்லைங்க.

ரிப்போர்ட்டில் என்ன இருக்கும்? நரம்பு கண்ணுக்குள் நுழையும் வட்டத்தைச் சுற்றி இழைப் படலம் எவ்வளவு தடிமன் என்று ஒரு கோடு வரைந்திருக்கும். நல்ல கண்ணில் அதில் இரண்டு மேடு தெரியும், ஒன்று மேல்பக்க இழைகளுக்கு, மற்றது கீழ்ப்பக்கத்துக்கு. கிளாக்கோமா முதலில் பெரும்பாலும் இந்த மேடுகளில் ஒன்றைத்தான் கரைக்கும், அதிலும் கீழ்மேடுதான் அதிகம். சராசரித் தடிமன் நல்ல கண்ணில் ஏறக்குறைய 90 முதல் 100 மைக்ரான். வட்டத்தின் நடுக் குழி எவ்வளவு பெரிது, இரண்டு கண்ணுக்கும் அதில் வித்தியாசம் இருக்கிறதா, விழித்திரையின் நடுப் பகுதியான மேக்குலாவில் நரம்பு செல் அடுக்கு எப்படி என்பதும் சேர்ந்து வரும்.

இனி, நம் கடையில் பலர் ரிப்போர்ட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு கலங்கும் இடம்: பச்சை, மஞ்சள், சிவப்பு. சிவப்பு என்றால் நோய் என்று முடிவு கட்டாதீர்கள். உங்கள் வயதுள்ள நல்ல கண்களோடு ஒப்பிட்டுத்தான் மெஷின் நிறம் போடுகிறது. மைனஸ் ஆறு, எட்டு என்று பவர் உள்ளவர்களுக்குக் கண் நீளமாக இருக்கும், இழைகளின் மேடு கொஞ்சம் தள்ளி விழும், நோயே இல்லாமல் சிவப்பு வரலாம். புரை முற்றியிருந்தால் ஒளி சரியாகப் போகாமல் அளவு குறைத்துக் காட்டும். அதேபோல் எல்லாம் பச்சை என்று மடித்து வைத்துவிடவும் கூடாது. பிறவியிலேயே தடிமனான படலம் உள்ளவர் நிறைய இழந்த பிறகும் பச்சையிலேயே நிற்கலாம்.

அதனால் எங்களைக் கேட்டால், முதல் ரிப்போர்ட்டை நிலப் பத்திரம் மாதிரி பத்திரப்படுத்துங்கள் என்போம். அடுத்த ஸ்கேனை முடிந்தவரை அதே வகை மெஷினில் எடுங்கள், ஒரு கம்பெனி மெஷின் அளவை இன்னொன்றோடு நேராக ஒப்பிட முடியாது. சராசரித் தடிமன் 92 இருந்தது 90 ஆனால் தூக்கம் கெட வேண்டாம், அளக்கும்போதே அவ்வளவு ஏறி இறங்கும். தொடர்ந்து இறங்கிக்கொண்டே போகிறதா என்பதைத்தான் டாக்டர் பார்ப்பார்.

"கண்ணுல பிரஷர் நார்மல்னு சொல்லிட்டாங்க" என்பதோடும் நிறுத்திக்கொள்ளாதீர்கள். கண்ணுக்குள் இருக்கும் நீரின் அழுத்தம்தான் பிரஷர், அது ஏறினால் நரம்பு கெடும். 10 முதல் 21 வரை சாதாரணம் என்பார்கள், ஆனால் அந்த அளவுக்குள் இருந்தே நரம்பு தேய்கிறவர்கள் நிறைய. கருவிழி மெலிந்திருந்தால் பிரஷர் குறைவாகக் காட்டும். கண்ணாடியை விட லேசரால் கருவிழியைச் செதுக்கும் லேசிக் செய்துகொண்ட பிள்ளைகள் இதை டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். பிளஸ் பவர் உள்ளவர்கள் கண்ணின் கோணத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். நீர் வெளியேறும் வழி சிலருக்குக் குறுகலாக இருக்கும், நரம்பு ஸ்கேனில் அது தெரியாது.

அப்புறம், வீட்டு விசயம். அப்பாருக்கோ அம்மாயிக்கோ கடைசிக் காலத்தில் பார்வை போனதை வயசாயிடுச்சு என்று விட்டிருப்போம். அது கிளாக்கோமாவாக இருந்திருக்கலாம். கூடப் பிறந்தவர்களுக்கோ பெற்றவர்களுக்கோ இருந்தால் நாற்பது வரைக்கும் காத்திருக்காமல் போய்ப் பாருங்கள். கண் அரிப்புக்கு மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக ஸ்டீராய்டு சொட்டு மருந்து வாங்கி மாதக் கணக்கில் விடுவதை இன்றே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். அதனாலும் பிரஷர் ஏறி நரம்பு கெடும்.

நம்மிடம் ஓ.சி.டி. மெஷின் இல்லை. கோவையில் அரவிந்த், சங்கரா போன்ற மருத்துவமனைகளில் இருக்கிறது, எங்கே போவது என்பது உங்கள் விருப்பம். அனுப்புவதற்கு நாங்கள் யாரிடமும் கமிஷன் வாங்குவதில்லை. போகும் முன் ஒரு போன் போடுங்கள், உங்கள் பழைய பவர் விவரத்தை எழுதி வைத்திருப்போம். ரிப்போர்ட் வைக்க ஒரு ஃபைல் கவரும் தருகிறோம், காசு வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் கண்ணாடிக் கடை,
கோபிசெட்டிபாளையம்