சாவிக்காரியின் வாயில் ஒரு சாவி

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. இன்னும் பதில் போடவில்லை என்று திட்டிக்கொண்டிருப்பாய், திட்டு. நடுவில் நான் ஒரு கிழவியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். நிஜக் கிழவி இல்லை, நானே வரைந்தவள், பெயர் சாவிக்காரி. இடிந்துபோன வீடுகளின் சாவிகளைச் சேர்த்து வைக்கிறவள், போர்வை முழுக்கச் சாவி தொங்கும், நடந்தால் கலகலவென்று சத்தம் வரும், அதனால் அவளால் யாரிடமிருந்தும் ஒளியவே முடியாது. ஆரம்பத்தில் அவளைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் இறக்கை வைத்த குதிரையும் மூன்று கண் ராணியும் வரைந்துகொண்டிருந்தோமே, அதே வியாதிதான், இப்போது டேப்லெட்டில் வந்திருக்கிறது. கிரிட்டா என்று ஒரு மென்பொருள், இலவசம்தான், எனக்கு அதுவே போதும். முதலில் கண் மூக்கு எதுவும் இல்லாமல் வெறும் கறுப்பு நிழலாகச் சின்னச் சின்னதாக வரைந்து தள்ளினேன், நிழலைப் பார்த்தே இவள் இன்னார் என்று தெரிய வேண்டும் இல்லையா? முதல் பதினோரு நிழலும் தலை முளைத்த மூட்டை மாதிரி இருந்தன. பன்னிரண்டாவதில் சாவிகள் எல்லாவற்றையும் இடது தோளில் ஏற்றி, அந்தப் பாரத்தில் உடம்பு ஒரு பக்கம் சாய்கிற மாதிரி வரைந்ததும் சட்டென்று ஆள் வந்துவிட்டாள்.

மொத்தம் 43 சாவி. ஒன்றை வரைந்து அதையே பிரஷ்ஷாக மாற்றி முத்திரை குத்துகிற மாதிரி குத்திக்கொண்டே போகலாம், செய்தும் பார்த்தேன், துணியில் அச்சடித்த பூ மாதிரி உயிரே இல்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டுக் கையால் வரைந்தேன். விரல் போச்சு.

இணையத்தில் போட்டேன். சாவிகளைக் கட்டியிருக்கும் சிவப்புக் கயிறு கறுப்புப் போர்வைமேல் பளிச்சென்று இருக்க வேண்டும், ஏற்றிய பிறகு பார்த்தால் கறை படிந்த மாதிரி மங்கலாகத் தெரிகிறது. படத்தைச் சுருக்கிச் சேமிக்கிற ஜேபெக் என்ற வடிவம் வெளிச்ச வேறுபாட்டை ஓரளவு காப்பாற்றிவிட்டு நிற விவரத்தைத்தான் முதலில் கழிக்கும், அடர் சிவப்பு மெல்லிய கோடுகள் அதில் நன்றாக அடிபடும். அப்புறம் எதையும் கழிக்காத பிஎன்ஜி வடிவத்துக்கு மாற்றிப் போட்டேன். வந்த லைக் இரண்டு, அதில் ஒன்று என்னுடைய இன்னொரு கணக்கு. சிரிக்காதே.

இரண்டாவது முறை படம் முடிவதற்கு முன்பே, வெறும் கோட்டோவியமாகப் போட்டு, "இவள் வாயில் ஒரு சாவி இருக்கிறது, அதனால் பேசமாட்டாள்" என்று ஒரு வரி எழுதினேன். உண்மையில் வாயில் சாவி எதற்கு என்று எனக்கே தெரியாது, பல் வரைய வராது, அதை மறைக்க வைத்தது. யாரோ ஒருவர் கீழே கேட்டார்: "அது அவளுடைய வீட்டுச் சாவியா?"

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஊர் வீட்டுச் சாவியெல்லாம் தோளில், தன் வீட்டுச் சாவி மட்டும் வாயில், வீடு எங்கே என்று யார் கேட்டாலும் சொல்ல முடியாது. ஆமாம் என்று பதில் போட்டுவிட்டு, ஏதோ எனக்கு முதலிலிருந்தே தெரிந்த மாதிரி, அன்று ராத்திரியே முகத்தை முழுதாக அழித்து வரைந்தேன். தாடை இறுகியது, உதடு உள்ளே மடிந்தது, கண் கொஞ்சம் பயந்தது. இன்னொருவர் வந்து, போன படத்தில் இடது தோளில் இருந்த சாவி இதில் வலது தோளுக்கு எப்படிப் போனது என்று பிடித்துவிட்டார். முன், பக்கம், பின் மூன்று கோணத்திலும் ரெஃபரன்ஸ் ஷீட் போட்டு வைக்கச் சொல்லி நீ தலைதலையாக அடித்துக்கொண்டாய், சரி, இப்போது போட்டுவிட்டேன்.

திருட்டும் நடந்தது. ஒரு விற்பனைப் பக்கத்தில் போன் உறைமேல் சாவிக்காரி உட்கார்ந்திருக்கிறாள், மூலையில் இருந்த என் கையெழுத்தை நறுக்கிவிட்டார்கள். வரைந்த கணமே பதிப்புரிமை வரைந்தவருக்கு, அதற்குப் பதிவு தேவையில்லை, 1886இல் உருவான பெர்ன் ஒப்பந்தத்தின் வழி வந்த ஏற்பாடு இது, பெரும்பாலான நாடுகளில் இப்படித்தான். ஆனால் சாவி மாட்டிய கிழவி என்கிற எண்ணம் யாருக்கும் சொந்தமில்லை, நாளைக்கு வேறொருத்தி தன் கையால் ஒரு சாவிக் கிழவி வரைந்தால் நான் வாயைத் திறக்க முடியாது. இவர்கள் எடுத்தது என் படத்தையே. லேயர்கள், அதாவது படத்தின் அடுக்குகள், தனித்தனியாகவே இருக்கும் மூலக் கோப்பையும் வரையும்போது பதிவான வீடியோவையும் காட்டிப் புகார் கொடுத்தேன், ஒன்பது நாளில் எடுத்தார்கள், இரண்டு வாரத்தில் இன்னொரு பக்கத்தில் முளைத்துவிட்டாள்.

இப்போது 1080 பிக்சல் அகலத்துக்கு மேல் ஏற்றுவதில்லை. ஏ3 தாளில் 300 டிபிஐக்கு, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம், அச்சடிக்க 3508க்கு 4961 பிக்சல் வேண்டும், அது என் வட்டில் மட்டும். கையெழுத்தை மூலையில் போடாமல் ஒரு சாவியின் பற்களாகவே வரைந்துவிட்டேன், நறுக்கினால் படமே போய்விடும். இதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்தான்! ஏஐக்குத் தீனியாகாமல் இருக்கச் சிகாகோ பல்கலைக்கழக ஆட்கள் 2023இல் கொண்டுவந்த கிளேஸ் என்ற மென்பொருளையும் ஓட்டிப் பார்த்தேன், என் பழைய கணினி திணறுகிறது, கன்னத்தில் லேசாகச் சொரசொரப்பு தெரிகிறது, முழுக் காவலும் இல்லை, இருந்தாலும் ஓட்டுகிறேன். 2022 டிசம்பரில் ஆர்ட்ஸ்டேஷன் என்ற ஓவியத் தளம் முழுக்க ஓவியர்கள் ஏஐ வேண்டாம் என்ற ஒரே படத்தைப் போட்டு நிரப்பியபோது, இதெல்லாம் பெரிய கைகளின் கவலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

திருட்டுக்குப் பிறகு எல்லாவற்றையும் அழித்துவிடலாம் என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். அந்தக் கேள்வி வந்த பதிவையும் சேர்த்து அழிக்க வேண்டுமே என்று கை வரவில்லை.

உன் விஷயத்துக்கு வருகிறேன். நீ வரைகிற விட்டில் அரசன் வெளியே போட இன்னும் தயாராகவில்லை, கை சரியில்லை, இன்னும் ஒரு வருடம் போகட்டும் என்று எழுதியிருக்கிறாய். கை கிடக்கட்டும், எனக்கும்தான் கை வராது, விரல்களை எல்லாம் போர்வைக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன். நீ அனுப்பிய பென்சில் படத்தை நேற்று திரும்ப எடுத்துப் பார்த்தேன். விளக்கை அவன் முதுகில் கட்டியிருக்கிறாயே, விட்டில்பூச்சியால் அதைப் பார்க்கவே முடியாதேடி. தெரிந்துதான் அங்கே கட்டினாயா?

உன்
கடைசி பெஞ்சுக்காரி