1566

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ நாக்பூர் போய்ச் சேர்ந்து இன்றோடு பன்னிரண்டு நாள் ஆகிறது. பருப்புப் பொடி தீர்ந்துவிட்டதா என்று அம்மா கேட்கச் சொன்னாள். தீர்ந்தால் சொல், அனுப்புகிறோம்.

உனக்கு வேலை உத்தரவு வந்த அன்று வீட்டில் எல்லாரும் "அவ்வளவு தூரமா?" என்று கேட்டார்கள். நான் மட்டும் பேசாமல் இருந்தேன். அப்பாவுக்கு வருத்தம் என்று நீ நினைத்திருப்பாய். வருத்தம் இல்லை பாப்பா. நாக்பூர் என்ற பேரைக் கேட்டதும் நம் வெங்காயக் கொல்லையும், ராத்திரித் தண்ணீரும், ரேடியோவும் ஒன்றாக ஞாபகம் வந்துவிட்டன. அதை அன்றைக்கு நாலு பேர் நடுவில் சொல்ல வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அப்போதெல்லாம் மூணு பேஸ் கரண்டு பாதி நாள் ராத்திரியில்தான் வரும். பதினொரு மணிக்கு மோட்டாரைப் போட்டால் விடிகிறவரை ஒவ்வொரு பாத்தியாக மடை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். துணைக்குத் தோல் உறை போட்ட பிலிப்ஸ் ரேடியோ. மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் வைத்தால் கொர்ரென்று இரைச்சல்தான் வரும். அம்பது அறுபது அடி தள்ளி வரப்பு மேல் சாக்கை மடித்துப் போட்டு அதன்மேல் வைப்பேன். பேட்டரி கட்டை இளைத்துப்போனால் பகலில் வெயிலில் காயவைத்து இன்னும் இரண்டு ராத்திரி ஓட்டுவேன்.

அந்தக் காலத்து ரேடியோ என்றால் இலங்கை வானொலியைத்தான் எல்லாரும் சொல்வார்கள். எனக்கும் அது உசிர். ஆனால் நடுராத்திரியில் எனக்குத் துணை இருந்தது நாக்பூர்தான். ஆகாசவாணி 1988-ல் தேசிய ஒலிபரப்பு என்று ராத்திரி நேரத்துக்காகவே ஒரு நிலையம் தொடங்கியது. நாக்பூரில் 1000 கிலோவாட் டிரான்ஸ்மிட்டர், மீடியம் வேவில் 1566 கிலோஹெர்ட்ஸ். முள்ளை வலது கோடிக்குத் தள்ளி, 1600-ஐத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்த வேண்டும். "யே ஆகாஷ்வாணி ஹை" என்று ஒரு குரல் வரும். எனக்கு இந்தி தெரியாது. பாட்டு புரியாவிட்டாலும் பாட்டுத்தானே.

பகலில் அந்த இடத்தில் வெறும் இரைச்சல் இருக்கும். வெயிலில் வானத்தின் கீழ் அடுக்கு ஒன்று உண்டாகி மீடியம் வேவ் அலையைத் தின்றுவிடும். பொழுது சாய்ந்தால் அந்த அடுக்கு கரைந்துபோகும். அலை அதற்கும் மேலே இருக்கும் அயனி மண்டல அடுக்கு வரை போய், அங்கே பட்டுத் திரும்பி, ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இறங்கும். ஒரே நிலையத்தின் அலை இரண்டு மூன்று வழியாக வந்து சேர்வதால் ஒன்றை ஒன்று கூட்டும், குறைக்கும். பாட்டு ஏறி ஏறி அமுங்குவது அதனால்தான். இறங்கிவிட்டதே என்று முள்ளைத் திருகக் கூடாது. ஒரு மடை மாற்றிவிட்டு வந்தால் தானாகத் திரும்பி வந்திருக்கும்.

இன்னொன்று சொல்ல வேண்டும். அப்போது 1575-ல், நாக்பூருக்கு அடுத்த வீடு மாதிரி, பாங்காக் பக்கத்திலிருந்து வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வரும். அதுவும் 1000 கிலோவாட். நம்ம ரேடியோவுக்கு இரண்டையும் பிரிக்கத் தெரியாது. ஆனால் மீடியம் வேவுக்கு ஏரியல் உள்ளே இருக்கும் அந்தக் கறுப்புக் குச்சிதான். நிலையம் இருக்கும் திசைக்குக் குறுக்கே அது இருந்தால் நன்றாக வாங்கும், நுனியைக் காட்டினால் வாங்காது. நாக்பூர் நமக்கு ஏறக்குறைய நேர் வடக்கு. ரேடியோ முகத்தை வடக்கே வைத்தால் நாக்பூர். கிழக்கே திருப்பினால் நாக்பூர் அமுங்கி பாங்காக் மேலே வரும். இதை யாரும் சொல்லித் தரவில்லை. ஒரு ராத்திரி சாக்கின் மேல் ரேடியோ சரிந்து திரும்பியபோது தெரிந்துகொண்டேன். அன்றைக்கு அடைந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

நீ யூகேஜி படித்த வருஷம் ஒருநாள் அடம்பிடித்து என்னோடு கொல்லைக்கு வந்தாய். போர்வையைச் சுற்றி வரப்பில் உட்கார வைத்தேன். அந்தக் குரலைக் கேட்டுவிட்டு, "இந்த மாமா எங்கப்பா இருக்காரு?" என்றாய். தென்னைக்கு மேலே வடக்கே கையைக் காட்டி, "நாக்பூர்" என்றேன். "தூங்கவே மாட்டாரா?" என்றாய். அவருக்கும் நம்மைப் போல ராத்திரி முறை என்று சொன்னதும் சமாதானமாகி, கொஞ்ச நேரத்தில் என் மடியிலேயே தூங்கிவிட்டாய். கீழ்வானம் வெளுக்க வெளுக்க அந்தக் குரல் தேய்ந்துகொண்டே போனது. உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தேன். ரேடியோவை அணைக்க மனசு வரவில்லை.

2019 தொடக்கத்தில் அந்த ஒலிபரப்பை நிறுத்திவிட்டார்கள். செய்தியைப் படித்துவிட்டு அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. இப்போது அதே நாக்பூரில், ஆஸ்பத்திரி வார்டில் நீ ராத்திரி முறை பார்க்கிறாய். எனக்கும் வயசாகி, பாதி ராத்திரியில் முழிப்பு வந்துவிடுகிறது.

அப்புறம் ஒரு வேலை. அங்கே கடைத்தெருவில் மீடியம் வேவ் உள்ள சின்ன ரேடியோ கிடைத்தால் வாங்கு. லீவு நாளில் ராத்திரி ஒன்பது மணிவாக்கில் மொட்டை மாடிக்குப் போ. ஃபேன், டியூப்லைட் பக்கத்தில் வேண்டாம். ரேடியோ முகத்தைத் தெற்கே வைத்து முள்ளை 936-ல் நிறுத்து. நம்ம திருச்சி கேட்கிறதா என்று பார். முதலில் இரைச்சலாக இருந்தால் அப்படியே விட்டு வை. கேட்டால் மணியைப் பார்க்காமல் உடனே எனக்குப் போன் பண்ணு.

அப்பா