எங்கள் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை யார் இல்லை?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடலோரத் தேவாலயத் திருவிழாக்களைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கூட்டம் கூடிக்கொண்டே போவதால் சில பங்குகளில், அதாவது ஒரு சாமியாரின் பொறுப்பில் உள்ள ஊர்ச் சபைகளில், கோயிலை இடித்துப் பெரிதாகக் கட்டப் போகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். பாம்பன் பக்கம் எங்கள் ஊரிலும் அதே பேச்சுதான். தலைக்கட்டுக்கு எவ்வளவு வரி என்பது வரை வந்துவிட்டார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை.

கொடியேற்றத்திலிருந்து சப்பரம் வரை கோயில் கொள்ளாத கூட்டம், உண்மை. திருப்பூர், சென்னை, வளைகுடா என்று வெளியே இருக்கிற பிள்ளைகள் எல்லாம் வந்துவிடுகிறார்கள். அவர்கள் திரும்பிப் போனதற்கு அடுத்த ஞாயிறு, காலை ஏழு மணிப் பூசைக்கு வந்து பாருங்கள். ஆண்கள் பக்கம் பாதி காலியாக இருக்கும். இருப்பவர்களும் என் வயதுக்காரர்கள்.

பக்தி குறைந்துவிட்டது என்று பிரசங்கத்தில் சொல்கிறார்கள். நான் இருபத்தெட்டு வருடம் விசைப்படகில் போனவன். இங்கே விசைப்படகுக்குத் திங்கள், புதன், சனிதான் கடலுக்குப் போகும் நாள். சனிக்கிழமை காலையில் டோக்கன் (கடலுக்குப் போக அனுமதிச் சீட்டு) வாங்கிப் போகிற படகு ஞாயிறு காலையில்தான் கரைக்கு வரும். கோயில் மணி அடிக்கும்போது அந்தப் பையன்கள் இறாலையும் நண்டையும் தரம் பிரித்து எடை போட்டுக்கொண்டு நிற்பார்கள். ராத்திரி முழுக்கத் தூக்கம் கிடையாது. ஒரு தடவை நான் கரை இறங்கிய கையோடு ஓடிப்போய்ப் பின்வாசலில் நின்றேன். மீன் வாடைக்கு முன்வரிசைக்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்தார். அப்புறம் வருடக்கணக்கில் நான் ஞாயிறு பூசை பார்க்கவில்லை. புதுநன்மை (முதல் நற்கருணை அப்பம்) வாங்கியதோடு ஞானோபதேச (வேதபாட) வகுப்பை விட்டுவிட்டுப் படகுக்குப் போகிற பையன்களைப் பார்க்கும்போது எனக்கு அந்த வாசல்தான் நினைவுக்கு வருகிறது.

கடல்பாசி எடுக்கப் போகும் பெண்களுக்கும் இதே கதிதான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் வற்றும் நாளில்தான் அவர்களுக்கு வேலை. அந்த நாள் ஞாயிறாக அமைந்தால் பூசை இல்லை. பங்குக் காரியங்களைப் பேசி முடிவு செய்யும் பங்குப்பேரவையிலும் அவர்கள் சார்பாகப் பேச ஆள் இல்லை. பூசையில் வேதம் வாசிக்கும் வாசகப் பணியையும் பீடத்தில் சாமியாருக்கு உதவும் பீடப்பணியையும் திருத்தந்தை பிரான்சிஸ் 2021-லேயே பெண்களுக்கும் முறைப்படி திறந்துவிட்டார். நம் பேரவையில் பாசிக்காரப் பெண் ஒருத்தி உட்காருவதற்கு ரோமாபுரி உத்தரவு எதுவும் தேவையில்லை.

பூசை நேரத்தை மாற்றலாம் என்றால், காலைப் பூசை நம் முன்னோர் வைத்த வழக்கம், மாற்றக் கூடாது என்பவர்கள் இருக்கிறார்கள். என் ஆத்தா லத்தீனில் பூசை கண்டவர். சாமியார் பீடத்தைப் பார்த்து நின்றபடி சொல்வாராம், சனங்கள் பாட்டுக்கு ஜெபமாலை உருட்டுமாம். 1960-களில் உலக ஆயர்கள் ரோமில் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு பூசை தமிழுக்கு வந்தபோது பெரியவர்கள் சிலருக்கு அது பெரிய மனக்கஷ்டமாம். இன்று லத்தீன் வேண்டும் என்று எங்கள் ஊரில் யாரும் கேட்பதில்லை. சனங்கள் இருக்கிற இடத்துக்கும் நேரத்துக்கும் ஏற்றபடிதான் கோயில் இருக்க வேண்டும். கச்சத்தீவு அந்தோணியார் கோயிலும் கடலோடிகள் இறங்கி வலை உலர்த்தி இளைப்பாறிய இடத்தில்தான் எழும்பியது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி கோயில் பாழானது. பிழைத்து வந்த சனங்கள் ராமேசுவரத்திலும் தங்கச்சிமடத்திலும் பாம்பனிலும் போய்ச் சேர்ந்து, அங்கங்கே மறுபடி முழங்கால் போட்டார்கள்.

கட்டடமே வேண்டாம் என்று சொல்லவில்லை. கூரை ஒழுகினால் செப்பனிடத்தான் வேண்டும். ஆனால் சபை வளர வேண்டிய நேரம் வந்துவிட்டது என்பதைத் திருவிழாக் கூட்டத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். சாதாரண ஞாயிற்றில் யார் யார் வரவில்லை, ஏன் வரவில்லை என்று அன்பியம் (பக்கத்து வீடுகள் சேர்ந்த சிறு ஜெபக் குழு) அன்பியமாகப் போய்க் கேளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு ஆட்கள் எல்லாம் வீட்டில்தான் இருப்பார்கள். பேரவைக்காரர்கள் வரி நோட்டை வைத்துவிட்டு அவர்கள் திண்ணையில் போய் உட்காரலாம்.

தடை முடிந்து படகுகள் இறங்கியதும் ஞாயிறு மாலை ஆறு மணிக்கு ஒரு பூசை வைத்துப் பாருங்கள். அதற்குள் படகு ஆட்கள் தூங்கி எழுந்து குளித்துவிட்டு வந்துவிடுவார்கள். எந்தப் பக்கம் இடம் போதவில்லை என்று பார்த்த பிறகு கொத்தனாரைக் கூப்பிடலாம்.

இப்படிக்கு,
ஒரு பங்கு உறுப்பினர்,
பாம்பன் வட்டாரம், ராமநாதபுரம் மாவட்டம்.